செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிடு

கண்ணா,

உன் பிலாட்டிஸ் வகுப்புக்கு வந்த ஒருவரின் உடம்பைப் பார்த்து நீ எழுதி அனுப்பிய மதிப்பீட்டுத் தாளை மூன்று முறை படித்தேன். தலை முன்னால் தள்ளியிருக்கிறது, வலது தோள் தாழ்ந்திருக்கிறது, விலா விரிந்திருக்கிறது, பாதம் தட்டை என்று எண்ணிப் பார்த்தால் 14 குறை. முதுகு வலி என்று வந்த அந்த அம்மா, ஒரு மணி நேரத்தில் முதுகு வலியோடு இன்னும் 14 வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அடுத்த வகுப்புக்கு வரவில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை, நானும் இதைச் செய்தவள்தான். சொல்லித்தர ஆரம்பித்த இரண்டாவது வருஷம், ஒரு பெண்ணிடம் "உங்கள் இடுப்பு கோணலாக இருக்கிறது" என்றேன். கெட்டிக்காரத்தனமாகச் சொன்னதாக நினைப்பு. நாலு வருஷம் கழித்து அவரை வேறொரு இடத்தில் பார்த்தேன். கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. அவர் குனியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் கட்டை போல வைத்து, மெதுவாக உட்கார்ந்து எடுத்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "நீங்கள்தானே சொன்னீர்கள், அன்றிலிருந்து நான் குனிவதே இல்லை" என்றார். அவர் இடுப்பில் அப்படி ஒன்றும் இல்லை. என் வாய்தான் காரணம். இடுப்பெலும்பின் மேடுகளைத் தொட்டுப் பார்த்து எது உயரம், எது தாழ்வு என்று சொல்வதில் அனுபவசாலிகளே ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லை என்பது பல ஆய்வுகளில் தெரிந்த சங்கதி. அது தெரியாமல் என் கட்டைவிரலை நான் நம்பினேன்.

தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் காதுமடல், தோள் முனை, தொடையெலும்பின் மேல்மேடு, முழங்காலின் நடுவுக்குச் சற்று முன், கணுக்கால் மேட்டுக்குச் சற்று முன் என்று அந்த நூல் இறங்கவேண்டும். கண்ணைப் பழக்க நல்ல கருவி அது. ஆனால் மனிதர் சுவர் இல்லை. நூலிலிருந்து விலகி நிற்பவர்களில் பலருக்கு ஒரு வலியும் இருக்காது, நூல் பிடித்தாற்போல் நிற்பவர் வலியில் துடிப்பார், நீயே பார்ப்பாய். இந்தப் பயிற்சியை உருவாக்கிய ஜோசப் பிலாட்டிஸே (1883–1967) முதுகெலும்பு பச்சைக் குழந்தையின் முதுகைப்போல நேராக இருக்கவேண்டும் என்று நம்பியவர். இன்று நாம் அதன் இயல்பான வளைவுகளை விட்டுவைத்துத்தான் சொல்லித்தருகிறோம். ஆரம்பித்தவரின் அளவுகோலே மாறியிருக்கிறது, நம் அளவுகோல் மட்டும் கல்வெட்டா?

இன்னொன்று. "நேராக நில்லுங்கள், பார்க்கிறேன்" என்று சொன்ன நொடியில் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகிவிடுவார்கள். வயிறு உள்ளே போகும், நெஞ்சு வெளியே வரும். நீ குறிப்பதெல்லாம் அந்த நடிப்பைத்தான். நின்ற இடத்திலேயே நாலு அடி நடக்கச் சொல், கையைத் தளர்வாக ஆட்டச் சொல், அப்புறம் நிறுத்தச் சொல். அதைவிட நல்லது, அவர் உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிடுவது. எந்தக் காலில் நின்றார், எதைப் பிடித்துக்கொண்டார், குனிந்தாரா, முழங்காலை மேலே கொண்டுவந்தாரா, மூச்சைப் பிடித்தாரா? ஒற்றைக் கால் சமநிலையும் இடுப்பின் மடிப்பும் அந்த ஐந்து நொடியிலேயே தெரிந்துவிடும். அப்போது அவர் யாருக்காகவும் நிற்பதில்லை.

பிறகு கேள்விகள். படுத்தாலும் குறையாமல் ராத்திரியில் எழுப்பும் வலி, காரணமில்லாமல் இறங்கும் எடை, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாதது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கு வகுப்பு கிடையாது. கடைசி இரண்டும் என்றால் உடனே மருத்துவமனை. எலும்பு அடர்த்தி குறைந்தவரை (ஆஸ்டியோபோரோசிஸ்) ரோல் டவுன், அதாவது நின்றபடி தலையில் தொடங்கி முதுகை ஒவ்வொரு எலும்பாக வளைத்துக் குனிவது, செய்யச் சொல்லிச் சோதிக்காதே. முன்வளைவு அவருடைய முதுகெலும்புக்கு ஆபத்து. தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேள். போன வாரம் சரி என்றது இந்த வாரத்துக்குச் செல்லாது.

ரோல் டவுன் செய்யலாம் என்பவரிடம் அதைப் பொறுமையாகப் பார். கை தரையைத் தொட்டதா என்பது எனக்கு முக்கியமில்லை. கழுத்திலிருந்து இடுப்புவரை 24 எலும்பு இருக்கின்றன, அதில் எந்தப் பகுதி பலகைபோல் அப்படியே வருகிறது, எந்த ஒரு இடம் எல்லோருடைய வேலையையும் சேர்த்துச் செய்கிறது என்று பார். வலி பல சமயம் அந்த உழைப்பாளி இடத்தில்தான் இருக்கும், சும்மா இருப்பவனிடம் இருக்காது. குனிந்த நிலையில் பின்னாலிருந்து ஒருபக்க விலா மேடாகத் தெரிந்தால் குறித்துக்கொள். வளரும் பிள்ளையாக இருந்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்.

இனிதான் உன் தாளில் இல்லாத விஷயம். ஒன்றைப் பார்த்ததும் பெயர் வைக்காமல், எதையாவது மாற்றிவிட்டு மறுபடி பார். குந்தும்போது குதிகால் எழுகிறதா? குதிகாலுக்கு அடியில் சின்னப் பலகை வை. இப்போது நன்றாகக் குந்தினால் கணுக்காலின் மடங்கும் அளவு போதவில்லை என்று கொள்ளலாம், மாறவில்லையென்றால் மேலே இடுப்பைத் தேடு. கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது விலா விரிகிறதா? மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, மூச்சை முழுக்க விடச் சொல்லி அதே கையைத் தூக்கச் சொல். விலா அடங்கிக் கையும் தரைக்குப் போனால் தோள் நன்றாகத்தான் இருக்கிறது, நிற்கும்போது பிடித்து நிறுத்தத் தெரியவில்லை. கை பாதியில் நின்றால் தோளே இறுக்கம். ஒற்றைக் காலில் நிற்கும்போது தூக்கிய பக்கத்து இடுப்பு தொங்குகிறதா? ஒரு விரலைச் சுவரில் வைக்கச் சொல். அந்த விரலே எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டால், நிற்கும் காலின் பிட்டத் தசையைக் குற்றம் சொல்வதற்கு முன் சமநிலையைப் பழக்கு. ரிஃபார்மரில், அதாவது ஸ்பிரிங் பூட்டிய நகரும் பலகைக் கருவியில், படுக்கவைத்தும் பார்க்கலாம், ஆனால் ஸ்பிரிங் தாங்குவதால் அங்கே எல்லோரும் கொஞ்சம் கெட்டிக்காரர்களாகத் தெரிவார்கள்.

தாளில் எத்தனை வேண்டுமானாலும் எழுதிக்கொள், அது உனக்கு. அவரிடம் சொல்ல ஒன்று போதும், அதுவும் அவரே உடம்பில் உணர்ந்த ஒன்றாக இருக்கட்டும். "மூச்சை விட்டுக்கொண்டே குனிந்தபோது இன்னும் கீழே போக முடிந்தது, கவனித்தீர்களா?" என்ற மாதிரி. கோணல், பலவீனம், தேய்மானம் என்ற சொற்களை வாயில் வராமல் பார்த்துக்கொள்.

அந்த அம்மாவின் தாளில் ஆறாவது வரியில் "குனிந்து எழும்போது மூச்சைப் பிடிக்கிறார்" என்று எழுதியிருக்கிறாய். 14-இல் அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. அவருக்கு ஒரு போன் போடு. வகுப்புக்கு வாருங்கள் என்று சொல்லாதே, வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அம்மா