கட்டியங்காரன் எழுதும் மடல்: தேதி வேண்டாம், கணக்கைச் சொல்லுங்கள்

தமிழ்நாட்டில் கொரோனா ஊரடங்கு ஆணைகளை எழுதும் அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் மருத்துவ வல்லுநர்களுக்கும்,

வணக்கம்.

செய்யாற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். தெருக்கூத்து ஜமா, அதாவது ஆட்டக் குழு, ஒன்றை நடத்துகிறேன். முப்பது ஆண்டுகளாகக் கட்டியங்காரன் வேடம் கட்டுகிறேன். ராஜா வருகிறார் என்று முன்னால் வந்து அறிவிப்பவன் நான்தான். ராஜா இன்னும் கிரீடம் கட்டி முடிக்கவில்லை என்றால், முடிக்கும்வரை சபையைச் சமாளிப்பவனும் நான்தான். ஆகவே அறிவிப்பு என்பதைப் பற்றி உங்களிடம் இரண்டு வார்த்தை பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நேற்று, 2021 ஜூன் 25 அன்று, மறுபடியும் அறிவித்தீர்கள். ஜூலை 5 காலை 6 மணி வரை ஊரடங்கு நீட்டிப்பு. மே 10ஆம் தேதி தொடங்கியதற்குப் பிறகு இது ஆறாவது நீட்டிப்பு. எங்கள் கூத்தும் காலை 6 மணிக்குத்தான் முடியும். ஆனால் மங்களம் பாடிவிட்டோம் என்றால் முடிந்ததுதான். மறுபடி திரையைப் பிடித்ததாக எந்த ஊரிலும் எங்கள் மேல் புகார் கிடையாது.

கேலி செய்கிறேன் என்று கோபப்படாதீர்கள், தொழில் பழக்கம். ஊரடங்கே வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. எங்கள் முகவீணைக்காரர் மே 19ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று என்று நீங்கள் அறிவித்த மே 21 அன்று அவருக்குப் பால் தெளித்துவிட்டு வந்தோம். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: கருமாதி அன்று இரவு கர்ண மோட்சம் கூத்து வைப்பார்கள். கர்ணன் உயிர் பிரியும் இடத்தில் அழாத வீடு கிடையாது. எத்தனையோ குடும்பங்களின் சாவுக்கு விடிய விடிய முகவீணை ஊதியவர் அவர். அவருடைய கருமாதிக்குக் கர்ண மோட்சம் ஆட முடியவில்லை. சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது. ஜமாவே பதினான்கு பேர். சரிதான், நோய் அப்படி. அதில் எனக்கு உங்கள் மேல் வருத்தம் இல்லை. அரிசி அட்டைக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் பதினான்கு மளிகைப் பொருளும் கொடுத்தீர்கள், வாங்கிக்கொண்டோம், நன்றி.

என் வருத்தம் வேறு. அதைப் புரியவைக்க எங்கள் தொழிலின் வரவுசெலவைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தை, மாசியில் ஊர்ப் பெரியவர்கள் வந்து தாம்பூலம் வைத்து, கூத்துக்கு நாள் குறித்து, முன்பணம் கொடுப்பார்கள். அந்தப் பணம் என் வீட்டில் ஒரு ராத்திரி கூடத் தங்காது. நான் என் ஆட்களுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். அர்ஜுனன் வேடத்துக்கு நல்ல ஆள் வேண்டுமென்றால் முன்கூட்டியே பிடித்து வைக்காவிட்டால் வேறு ஜமாவுக்குப் போய்விடுவான். ஊர்க்காரர்கள் கொடுத்தது போதாது. மேற்கொண்டு வட்டிக்கு வாங்கித்தான் கொடுப்பேன். பங்குனியில் தொடங்கி ஆடி வரை திரௌபதியம்மன் கோயில்களில் ஆடுவதுதான் எங்களுக்கு ஆண்டுச் சாப்பாடு. மிச்ச மாதங்களில் கிடைப்பது கைச்செலவுக்கு.

2020ஆம் ஆண்டு இருபத்தேழு இரவுகளுக்குத் தாம்பூலம் வாங்கியிருந்தேன். மார்ச் 24 இரவு, 21 நாள் என்றார்கள். நாள்காட்டியை எடுத்து எண்ணினேன். பங்குனி முழுதும் போகிறது, சித்திரை ஒன்றாம் தேதியோடு விடுதலை. புத்தாண்டு அன்று முடிகிறதே, நல்ல சகுனம் என்று வீட்டில் சொன்னேன். சித்திரை ஒன்றாம் தேதி காலையில் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து மே 3 என்றார். பிறகு மே 17. பிறகு மே 31. பிறகு ஜூன் 30. பிறகு மாதத்துக்கு ஒரு கடைசித் தேதி.

ஒவ்வொரு தடவையும் நான் ஊர்ப் பெரியவர்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். "அடுத்த பதினைந்து நாளில் திறந்துவிடுவார்கள், நாளை மட்டும் மாற்றிக்கொள்வோம்." ஆட்களுக்கும் அதையேதான் சொன்னேன். எங்கள் ஜமாவில் இரண்டு பையன்கள், ஒருவன் பாஞ்சாலி, இன்னொருவன் கிருஷ்ணன். சிப்காட்டில் செருப்புத் தொழிற்சாலை மறுபடி ஓடத் தொடங்கியபோது அங்கே ஆள் எடுக்கிறார்கள், போகட்டுமா என்று கேட்டார்கள். முன்பணம் வாங்கியிருக்கிறீர்கள், பதினைந்து நாள் பொறுங்கள் என்றேன். அவர்களும் பொறுத்தார்கள். ஆடியும் போன பிறகு போய்க் கேட்டால் அங்கே இடம் நிரம்பிவிட்டது. பாஞ்சாலியின் அம்மா காதுத் தோட்டை அடகு வைத்தார்கள். அதற்கு நோய் காரணம் இல்லை, நான் சொன்ன பதினைந்து நாள்தான் காரணம். நான் உங்களிடம் வாங்கியதைத்தான் அவர்களிடம் கொடுத்தேன்.

பதினைந்து நாள் என்பது பொல்லாத அளவு. வேறு வேலை தேடிக்கொள்ள அது போதாது. கையில் இருப்பதைத் தின்று தீர்க்கப் போதும். இந்த வருஷம் கூத்தே கிடையாது என்று ஏப்ரலிலேயே யாராவது சொல்லியிருந்தால், அன்றைக்கு ஒரு நாள் படுத்து அழுதிருப்பேன். மறுநாள் ஆட்களை அவரவர் வழிக்கு அனுப்பியிருப்பேன்.

வீட்டுக்குள்ளும் இதே கதை. என் மகள் அந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. மார்ச் 27 தேர்வு என்று படித்துக்கொண்டிருந்தாள். ஏப்ரல் நடுவுக்குப் பிறகு என்றார்கள். பிறகு ஜூன் 1. பிறகு ஜூன் 15. ஜூன் 9ஆம் தேதி, தேர்வே இல்லை, எல்லோரும் தேர்ச்சி என்றார்கள். இரண்டரை மாதம் அதே ஐந்து புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் படித்த பிள்ளை அன்றைக்குச் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டாள்.

இப்போது என் தொழிலில் நான் பட்ட அடி ஒன்றைச் சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன், வந்தவாசிப் பக்கம் ஒரு ஊரில் பதினெட்டாம் போர். துரியோதனன் கட்டுகிறவர் வேறொரு ஊரிலிருந்து வர வேண்டும், வரவில்லை. நான் சபைக்குப் போய், "மகாராஜா புறப்பட்டுவிட்டார், இதோ வந்துவிட்டார்" என்று ஆரம்பித்தேன். பாட்டு, ஆட்டம், ஊர்த்தலைவரைக் கிண்டல், எல்லாம் செய்தேன். அரை மணி கழித்து மறுபடியும் "இதோ வந்துவிட்டார்." சிரிப்பு பாதியாகக் குறைந்தது. மூன்றாம் முறை சொன்னபோது யாரோ ஒரு செருப்பை விட்டெறிந்தார்கள். நல்லவேளை, முகவீணைக்காரர் குனிந்துகொண்டார். அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து என் காதில் சொன்னார்: "தம்பி, வண்டி வழியில் நின்றுவிட்டது, ரெண்டு மணிக்கு முன்னால் ஆள் வர வழியில்லை என்று சொல்லிவிடு. நாங்கள் ஒரு தூக்கம் போட்டு எழுந்து வருகிறோம். நீ இதோ இதோ என்றால் நாங்கள் தூங்குவதா, விழித்திருப்பதா?"

அப்படியே சொன்னேன். பாதிப் பேர் பாயை விரித்துப் படுத்தார்கள். சிலர் வீட்டுக்குப் போய்ப் பால் கறந்துவிட்டு வந்தார்கள். இரண்டரை மணிக்குத் துரியோதனன் வந்தபோது சபை நிரம்பியிருந்தது. ஒருவரும் என்னை வையவில்லை.

அய்யா, அம்மா, ஒரு வருஷத்துக்கு மேலாக நீங்கள் "இதோ வந்துவிட்டார்" சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

கிருமி எப்போது ஓயும் என்று உங்களுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். போன வருஷம் அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, கொரோனா எப்போது ஒழியும் என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்றபோது எல்லோரும் கிண்டலடித்தார்கள். எனக்கு அது தவறாகப் படவில்லை. அந்த ஒரு தடவைதான் மேடையிலிருந்து உண்மையான பதில் வந்தது. தெரியாது என்பதோடு நிறுத்திவிட்டதுதான் குறை. ராஜா எப்போது வருவார் என்று எனக்குத் தெரியாமலிருக்கலாம். அவர் கிரீடம் கட்டியாகிவிட்டதா, புஜக்கட்டை கட்டியாகிவிட்டதா என்று திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து எனக்குச் சொல்ல முடியும். அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். இந்த மாதம் 17ஆம் தேதியிலிருந்து அங்கே ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தொடங்கியபோது சொன்ன கணக்கு இது: பரிசோதனை செய்த நூறு பேரில் எட்டுப் பேருக்குக் கீழே தொற்று என்றால் ஏறக்குறைய எல்லாம் திறக்கலாம். எட்டு முதல் இருபது வரை என்றால் இன்னின்னது மட்டும். முப்பதைத் தாண்டினால் கடுமையான அடைப்பு. மகாராட்டிரத்தில் தொற்று விகிதத்தோடு ஆக்சிஜன் படுக்கை எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதையும் சேர்த்து ஐந்து படி வைத்தார்கள். அந்தக் கணக்குகள் சரியா தப்பா என்று சொல்ல நான் மருத்துவன் இல்லை. ஆனால் அங்கே இருக்கும் ஒரு கூத்தாடி தன் ஊரின் எண்ணைப் பார்த்து, இது இறங்க இன்னும் நாளாகும், நான் கொத்து வேலைக்குப் போகிறேன் என்று தானே முடிவெடுக்கலாம்.

நீங்களும் மாவட்டங்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறீர்கள், வகை எண் ஏற ஏறத் தளர்வு கூடும். நாங்கள் இரண்டாம் வகை. சற்றுத் தள்ளிக் காஞ்சிபுரம் மாவட்டம் மூன்றாம் வகை. எந்த எண்ணுக்கு இறங்கினால் இரண்டு மூன்றாகும்? அது ஆணையில் இல்லை. மூன்றாம் வகையில் எங்கள் தொழிலுக்கு என்ன கிடைக்கும்? அதுவும் இல்லை. படப்பிடிப்புக்கு 100 பேர் வரை என்று எழுதத் தெரிந்த உங்களுக்குக் கூத்து என்ற மூன்றெழுத்துச் சொல் இதுவரை எந்த ஆணையிலும் கைக்கு வரவில்லை. திருவிழாக்களுக்குத் தடை என்ற ஒரே வரிக்குள் நாங்கள் எல்லோரும் அடங்கிவிட்டோம்: கூத்து, நையாண்டி மேளம், கரகம், பந்தல்காரர், மைக்செட்காரர், பொரி உருண்டை விற்கிற பாட்டி.

அந்த ஒரு வரி வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். இந்த ஏப்ரல் 6ஆம் தேதி வாக்குப்பதிவு. அதற்கு இரண்டு நாள் முன்வரை பிரசாரக் கூட்டம் இல்லாத தெரு இல்லை. வாக்குப்பதிவு முடிந்த மறுநாளுக்கு மறுநாள், 8ஆம் தேதி, பத்தாம் தேதி முதல் திருவிழாக்களுக்குத் தடை என்றீர்கள். இரண்டு நாள் அவகாசம். நாங்கள் அப்போது ஒரு ஊரில் பத்து இரவுக் கூத்துக்கு நடுவில் இருந்தோம். கடன் வாங்கி மறுபடி முன்பணம் கொடுத்து, அதே பையன்களைக் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தேன். பல மாவட்டங்களில் கலைஞர்கள் வேடத்தோடேயே ஆட்சியர் அலுவலகங்களுக்குப் போய் மனுக் கொடுத்தார்கள். நான் போகவில்லை. மனுவில் என்ன தேதியைக் கேட்பது என்று எனக்குப் புரியவில்லை.

தடுப்பூசிக்குப் போனேன். முதல் ஊசி போட்டுவிட்டு 84 நாள் கழித்து வா என்றார்கள். சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பு எனக்கு ஒரு பாரமாகவே இல்லை. எண்பத்து நாலு நீளமான எண்தான். ஆனால் ஏன் காத்திருக்கிறேன், எதற்காக, எதுவரை என்று தெரியும்.

ஆகவே ஜூலை 5க்கு முன் நீங்கள் எழுதப்போகும் ஏழாவது ஆணையில் ஒரு பத்தி சேர்த்துக்கொடுங்கள். தினசரித் தொற்று ஆறாயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறீர்கள். எவ்வளவுக்கு வந்து, எத்தனை நாள் அங்கேயே நின்றால் திறந்தவெளியில் நூறு பேர் உட்கார்ந்து கூத்துப் பார்க்கலாம்? எத்தனை பேர் ஊசி போட்டிருக்க வேண்டும்? ஆடுகிற எங்களுக்குச் சோதனைச் சான்று வேண்டுமா? மூன்றாம் அலை வரும் என்கிறார்களே, வந்தால் எந்த எண்ணில் மறுபடி மூடுவீர்கள், எத்தனை நாள் முன்னால் சொல்வீர்கள்? ஆடிக்குள் வழியே இல்லை என்று உங்கள் வல்லுநர்களுக்கு இன்றைக்கே தோன்றினால், அதையும் எழுதிவிடுங்கள். எங்களுக்குப் பயமில்லை. பாஞ்சாலிக்கு இப்போது காஞ்சிபுரத்தில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை வருகிறது. அவனுக்கு நான் இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு பதிலும் பாக்கி. ஏப்ரல் 9 இரவு அந்த ஊரில் நாங்கள் கடைசியாக ஆடியது துகில். பாஞ்சாலி கூந்தலை அவிழ்த்துச் சபதம் செய்த இடத்தில் நிற்கிறது கதை. மறுநாள் அர்ஜுனன் தபசு நடந்திருக்க வேண்டும். அதில் அர்ஜுனன் ஏறித் தவம் செய்வதற்காகப் பனைமரம் வெட்டி, படி அடித்து, கோயிலுக்கு எதிரே நட்டுவைத்திருந்தார்கள். மரம் இன்னும் அப்படியே நிற்கிறது. அந்த ஊர்ப் பெரியவர் போன வாரம் பேசினார். அடியில் கரையான் ஏறிவிட்டதாம், ஒரு காற்று அடித்தால் சாயும், பிள்ளைகள் கீழே விளையாடுகிறார்கள் என்றார். பிடுங்கிவிட்டால் விழாவை நடுவில் விட்டதாகிவிடும், பிடுங்காவிட்டால் யார் தலையிலாவது விழும் என்று பெண்கள் இரண்டு கட்சியாகப் பேசிக்கொள்கிறார்களாம்.

"மரத்தை எடுத்துவிடலாமா, வைத்திருக்கலாமா, நீ சொல்லு" என்றார். ஜூலை 5 வரை பொறுங்கள் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு கட்டியங்காரன்
செய்யாறு வட்டம், 26 ஜூன் 2021