பரணில் இருந்த பூட்ஸ்

அன்புள்ள சேது,

எட்டு மாதமாகப் பதில் எழுதாததற்கு நீ திட்டப்போவதையெல்லாம் இப்போதே வாங்கிக்கொண்டதாக வைத்துக்கொள். இங்கே அனைவரும் நலம். அக்காவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

இந்தக் கடிதம் பூட்ஸைப் பற்றியது. அகத்தியர் மலைக்கு அனுமதி கிடைத்ததாக நீ சொன்ன வாரமே, பத்தாண்டுகளுக்கு முன் நாம் ஒன்றாக வாங்கிய அந்தப் பழுப்பு நிற பூட்ஸைப் பரணிலிருந்து இறக்கி, ஒத்திகையாகச் சமணர் மலைக்குப் போட்டுக்கொண்டு போனேன். பாதிப் பாறை ஏறுவதற்குள் வலது காலின் சோல் முழுவதும் கழன்று, முதலை வாய் திறந்ததுபோலத் தொங்கியது. மொத்தமே நான்கு முறை போட்ட பூட்ஸ்! தைப்பவரிடம் கொடுத்தேன், அவர் விரலால் அழுத்தியதும் நடுச்சோல் பழைய ரொட்டியாக உதிர்ந்தது. "பசை எதுலங்க ஒட்டும்?" என்றார். நடுவில் வைக்கும் பாலியூரித்தேன் நுரை காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டு, போடாமல் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் தானாகவே சிதைந்துவிடும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

புதியதை மாலையில் போய் வாங்கினேன், நடந்து வீங்கிய கால்தான் மலையில் இருக்கும் கால் என்பதால். மலைக்குப் போடும் தடித்த சாக்ஸோடு எட்டாம் அளவு பொருந்தியது, ஆனாலும் ஒன்பது வாங்கினேன். கடைப் பையன் சாய்வுப் பலகையில் என்னை இறங்கச் சொன்னபோது எட்டில் கட்டைவிரல் முன்னால் போய் இடித்தது, ஒன்பதில் இடிக்கவில்லை. நான்கு நாள் வீட்டுக்குள்ளேயே நடந்தேன் (பரேடு எப்போது முடியும் என்று கேட்டாள் உன் தங்கை). பிறகு எட்டுக் கிலோ அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு அழகர்மலைப் பாதையில் ஏறி இறங்கினேன், பூட்ஸுக்குள் குதிகால் மேலெழுந்தது. கணுக்கால் பக்கத்துக் கடைசிக் கொக்கிகளில் லேஸை வளையமாக்கி இறுக்கியதும் அது நின்றது.

வெள்ளியங்கிரியை வெறுங்காலோடு ஏறியவன் நீ; செருப்பே போதும் என்பாய். 1935இல் இத்தாலிய மலையொன்றில் ஆறு பேர் இறந்தபோது, தகாத காலணியும் ஒரு காரணம் என்று எண்ணித்தான் விட்டாலே பிரமானி என்ற இத்தாலிய மலையேறி 1937இல் மலை பூட்ஸுக்கு ரப்பர் சோல் கொண்டுவந்தார். எனக்கும் ஈரப் பாறையை நினைத்தால்தான் பயம். உச்சிக்குக் கீழே கயிறு பிடித்து ஏறும் இடத்தில் மழை பெய்திருந்தால் எந்த சோலும் முழு உத்தரவாதம் தராது. உன் முழங்காலோ இன்னும் சரியாகவில்லை. அன்று சாரல் இருந்தால் அடிவாரத்திலேயே நின்றுவிடுவோம் என்று இப்போதே ஒப்புக்கொள்.

உன் ஜோடியும் பரணில்தானே கிடக்கிறது? இன்றே இறக்கி, நடுச்சோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
முத்து