தொதல் இல்லாத பார்சல்

அன்பு மகளுக்கு,

இரைப்பை பைபாஸ் சத்திரசிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்து வந்த கிழமை நீ போனில் சொன்னது இன்னும் என் மனதில் நிற்கிறது. இன்சுலின் ஊசியை நிற்பாட்டிவிட்டார்கள், நிறை இரண்டு கிலோகூடக் குறையவில்லை என்றாய். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. நிறை குறைந்தால்தான் சீனி குறையும் என்று பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறவள் நான். வெள்ளவத்தையில் நான் காட்டுகிற டொக்டரிடம் கேட்டேன். அவர் மருந்துச் சிட்டையின் பின்பக்கத்தில் குடலைக் கீறிக் காட்டினார்.

பைபாஸில் இரைப்பையை முட்டை அளவுக்கு, ஏறக்குறைய 30 மில்லிலீட்டருக்கு, சிறிதாக்குவார்கள் என்று தெரியும். வயிறு சின்னன், அதனால் சாப்பாடும் கொஞ்சம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அது பாதிக் கதைதானாம். சாப்பாடு சிறுகுடலின் தொடக்கத்தைத் தொடாமல் கீழ்ப்பக்கத்துக்குக் கெதியாகப் போய்ச் சேருகிறது. அங்கேயுள்ள கலங்கள் ஜிஎல்பி-1, பிவைவை என்ற ஹோர்மோன்களை முன்னையைவிட மிக அதிகமாகச் சுரக்கின்றன. முதலாவது, இன்சுலினைச் சுரக்கச் சொல்லிச் சதையியைத் தூண்டும். பசி அடங்கிவிட்டது என்று மூளைக்கு இரண்டுமே சொல்லும். சாப்பாடு குறைந்ததால் ஈரலும் சீனியை அள்ளிவிடாமல் அடங்கும். வோல்டர் போரிஸ் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் 1995இலேயே இதை எழுதியிருக்கிறார்: நிறை இறங்க முன்னமே, சில நாட்களில், நோயாளிகளின் சீனி இறங்கியதாம்.

குடலில் வாழும் பக்டீரியாக்கூட மாறிவிடுமாம். பைபாஸ் செய்த எலிகளின் பக்டீரியாவைக் கிருமியே இல்லாத வேறு எலிகளுக்குக் கொடுத்தபோது, கத்தி படாத அந்த எலிகளும் மெலிந்தன. 2013இல் வந்த ஆய்வு. இதைக் கேட்டு நான் வாய் பிளந்து இருந்தேன்.

ஆனால் என்னைச் சுட்டது வேறொன்று. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் இரைப்பையில்தான் பெரும்பாலும் சுரக்கிறது. பட்டினி கிடந்து மெலிந்தால் அது கூடும். உடம்பு எரிக்கிற சக்தியும் குறையும். இழந்த நிறையைத் திருப்பி எடுக்க உடம்பு பாடுபடும். ஏ.எல். சோதனை எடுத்த வருஷம் நீ ஒன்பது கிலோ குறைத்தாய். எல்லாம் திரும்பி வந்தது. ஒளித்துத் தின்கிறாய் என்று சொன்னேன். சித்தியின் முன்னாலும் சொன்னேன். நீ அழுதுகொண்டு சத்தியம் செய்தாய், நான் நம்பவில்லை. பிள்ளை, நீ சொன்னது உண்மை. என்னை மன்னித்துக்கொள்.

போன முறை நான் அனுப்பிய தொதலில் ஒரு துண்டு தின்று, நெஞ்சு படபடத்து, வேர்த்துப் படுத்துவிட்டாய். இனிப்பு ஒரேயடியாகக் குடலுக்குள் இறங்கினால் அது தண்ணீரை இழுத்து இப்படிச் செய்யுமாம். அது தெரியாமல் அனுப்பிவிட்டேன்.

குளிசைகளை மட்டும் விட்டுவிடாதே. இரும்புச்சத்தைக் கூடுதலாக எடுக்கிற இடத்தைத்தான் சாப்பாடு தாண்டிப் போகிறது. பி12உம் முன்போலச் சேராது. உயிருள்ளவரை போட வேண்டும். இரும்புக் குளிசையோடு தேத்தண்ணீர் குடிக்காதே, கல்சியத்தையும் வேறு நேரத்தில் போடு.

மாமி 18ஆம் திகதி வெளிக்கிடுகிறா. இந்த முறை பார்சலில் தொதல் இல்லை. நெத்தலி வறுத்துப் பொடித்து வைத்திருக்கிறேன், மென்மையாக அவித்த பருப்பில் தூவிச் சாப்பிடலாம். உன் டயட்டீஷியனிடம் கேட்டு, வேறு என்ன வைக்கலாம் என்று வியாழனுக்குள் சொல்லு.

அன்புடன்
அம்மா