விமானப் பாகங்களும் குரோமியத் தொட்டிகளும்

ஆசிரியருக்கு,

கோவை சிறு பட்டறைகளுக்கு விமான உதிரிபாக ஆர்டர்கள் கூடிவருவது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். மகிழ்ச்சி. ஆனால் கடைசல் இயந்திரங்களைப் பற்றிப் பேசுகிற யாரும் அடுத்த கட்டமான மேற்பரப்புப் பதனிடலைத் தொடுவதே இல்லை. அலுமினியப் பாகங்கள் அரிப்பைத் தாங்க, அவற்றை அமிலத் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி அனோடைசிங் செய்தாக வேண்டும். இதற்குக் காலங்காலமாகப் பயன்படும் குரோமிக் அமிலம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் முதல் சிறப்பு அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது. ஏர்பஸ் போன்ற நிறுவனங்கள் குரோமியம் இல்லாத டார்டாரிக்-சல்பியூரிக் அமில முறைக்கு மாறிவருகின்றன.

எங்கள் பட்டறையில் கடைந்த பிராக்கெட்டுகளை, கீறல் விழாமல் ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றி, அனோடைசிங் செய்ய பெங்களூருக்கு அனுப்புகிறோம். கடைசலுக்கு ஆவதைவிட லாரிக்கும் அங்கே வரிசையில் காத்திருப்பதற்கும்தான் அதிக நாள் ஆகிறது. சரி, இங்கேயே தொட்டி வைக்கலாம் என்றால் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதையை மறந்துவிட்டு, கண்டபடி அனுமதி கொடுக்கவும் கூடாது. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை நடத்தும் தமிழக அரசு நிறுவனமான டிட்கோ, குரோமியம் இல்லாத தொட்டிகளும் கழிவுநீரை வெளியே விடாத அமைப்பும் கொண்ட பொதுப் பதனிடல் மையம் ஒன்றைக் கோவையில் அமைக்க வேண்டும். தரச் சான்றிதழ் பெறும் செலவில் ஒரு பங்கை ஆர்டர் தரும் பெரிய நிறுவனங்கள் ஏற்கட்டும்.

- சிறுதொழில் முனைவோர் ஒருவர், கோவை