பைக்கை விற்கப் போவதில்லை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மூட்டுவலி வழக்கம்போல. பைக்கை விற்றுவிடலாமா என்று போன ஞாயிறு நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். அம்மா எதிரே நின்று தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்ததால் "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நம் வீட்டில் நான் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். பைக்கை விற்கப் போவதில்லை.

நீ சொன்ன காரணமெல்லாம் நியாயம்தான். நீ வந்து ஓட்டப் போவதில்லை. எனக்கு 75 வயது, நான் ஓட்டினால் உன் அம்மா என்னை வீட்டுக்குள் சேர்க்கமாட்டாள். அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டது, நாளாக ஆக விலை இறங்கும். எல்லாம் சரி. ஆனால் 2016-ல் அந்த வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அப்பா, இதோட டேங்க்ல உங்க கப்பல் இருக்கு."

நான் சிரித்தேன். நான் வேலை பார்த்த விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்தை உடைத்த இரும்பை உருக்கி இந்த வி15 வண்டிக்குச் சேர்த்திருக்கிறார்கள் என்று பேப்பரில் படித்திருந்தேன். ஒரு டேங்கில் எத்தனை கிராம் கப்பல் இருக்கும், யார் எடை போட்டுப் பார்த்தது என்று உன்னைக் கிண்டலும் செய்தேன். நீ கை கால் கழுவ உள்ளே போனதும் அந்த டேங்கை விரலால் தட்டிப் பார்த்தேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

சின்ன வயதில் நீ கேட்டதெல்லாம் விமானத்தைப் பற்றித்தான். எப்படிக் கிளம்பும், எப்படி வந்து இறங்கும், குண்டு போட்டதைப் பார்த்தீர்களா என்று. நான் மழுப்பலாக ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அப்பாவுக்குப் பேச்சு வராது என்று நீ நினைத்திருப்பாய். உண்மை என்னவென்றால் நான் எதையும் பார்க்கவில்லை. நான் ஸ்டோக்கர். கொதிகலன் அறையில் வேலை. சண்டை நடந்த நாட்களில் வானத்தைப் பார்த்ததே நான்கைந்து தடவை இருக்கும்.

அந்தக் கப்பலின் கதையே விசித்திரம். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பிரிட்டனில் ஹெர்குலிஸ் என்ற பெயரில் கட்ட ஆரம்பித்தது. 1945 செப்டம்பரில் தண்ணீரில் இறக்கினார்கள், அதற்குள் போர் முடிந்துவிட்டது. பாதி வேலையில் அப்படியே போட்டுவிட்டார்கள். 1957-ல் நாம் வாங்கி, பெல்ஃபாஸ்டில் வைத்து மீதியை முடித்து, 1961 மார்ச் 4-ஆம் தேதி நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் கையால் கடற்படையில் சேர்த்தார்கள். 700 அடி நீளம். ஆயிரத்துக்கும் மேல் ஆட்கள். நான் போய்ச் சேர்ந்தது 1970-ல், லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜியில் பயிற்சி முடித்த கையோடு. முதல் வாரம் மெஸ்ஸிலிருந்து வேலை இடத்துக்குப் போகிற வழியை மூன்று தடவை தவறவிட்டேன். மூன்றாவது தடவை கொண்டுபோய் விட்டவர் ஒரு சமையல்காரர். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் ஓட்டினார்கள்.

நான் சேர்ந்த நேரம் கப்பலுக்கு உடம்பு சரியில்லை. கொதிகலன்களின் தண்ணீர் டிரம்மில் விரிசல். வெல்டிங் வைத்துச் சரிசெய்கிற விரிசல் இல்லை. புது டிரம் பிரிட்டனிலிருந்துதான் வரவேண்டும். மாதக்கணக்கில் பம்பாயில் கட்டிக் கிடந்தது. 1971-ல் கிழக்கு பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், நிலைமை முற்ற முற்ற, இருக்கிறதை வைத்தே கிளப்பிவிடலாம் என்று முடிவானது. நீராவி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டைத் தாண்டக் கூடாது, வேகம் மணிக்கு 14 கடல்மைலுக்கு மேல் போகக் கூடாது என்று ஆரம்பத்தில் கட்டுப்பாடு. 24 கடல்மைல் ஓட வேண்டிய கப்பல். பைபாஸ் செய்ய வேண்டிய ஆளை மாத்திரை கொடுத்துச் சண்டைக்கு அனுப்புவது மாதிரி.

எங்கள் சீஃப் ஒருவர் இருந்தார், எர்ணாகுளம் பக்கம். இடுப்பில் எப்போதும் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவர். அதன் முனையை பம்ப் மேலே வைப்பார், கைப்பிடியைக் காதில் வைப்பார், கண்ணை மூடிக்கொள்வார். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கிற மாதிரிதான். "இந்த பேரிங் நாலு நாள் தாங்கும்" என்பார். நாலாவது நாள் மாற்றுவோம். எனக்கும் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் எனக்கு இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. "இரைச்சலைக் கேக்காதே, இரைச்சலுக்கு நடுவுல என்ன இருக்குன்னு கேளு" என்றார், அவருடைய மலையாளத் தமிழில். இரண்டு மாதம் ஆயிற்று.

உள்ளே சூடு 50 டிகிரியைத் தொடும். எண்ணெய் பீய்ச்சுகிற பர்னருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடித் துளை, அதன் வழியே நெருப்பைப் பார்க்க வேண்டும். காற்று குறைந்தால் புகைபோக்கியில் கறுப்புப் புகை, கூடினால் வெள்ளைப் புகை. இரண்டில் எது வந்தாலும் மேலேயிருந்து திட்டு வரும். கறுப்புப் புகை பல கடல்மைலுக்குத் தெரியும், எதிரிக்கு விலாசம் எழுதிக் கொடுத்த மாதிரி. அதுபோக, இறங்கவரும் பைலட்டுக்கும் அந்தப் புகை தொல்லை. நெருப்பின் நிறத்தைப் பார்த்தே காற்றைக் கூட்டிக் குறைக்கப் பழகிவிட்டோம். இன்றைக்கும் உன் அம்மா அடுப்பைப் பற்றவைத்தால் நான் எட்டிப் பார்ப்பதும், அவள் என்னை விரட்டுவதும் அதனால்தான்.

இப்போது உனக்கு ஒரு விஷயம் சொல்கிறேன், இது எந்தப் புத்தகத்திலும் பெரிதாக வராது. விக்ராந்திலிருந்து விமானத்தை உந்தித் தள்ளியது நீராவி. மேல்தளத்தில் கேட்டபல்ட் என்று ஒரு அமைப்பு, கவண் மாதிரி. அதற்கான நீராவி எங்கள் கொதிகலனிலிருந்து போகும். ஒரு சீ ஹாக் விமானம் கிளம்பினால் 'தொம்' என்று கப்பல் முழுவதும் ஓர் அதிர்வு இறங்கி வரும், அழுத்தமானி முள் கொஞ்சம் சாயும். போன நீராவி திரும்ப வராது, காற்றோடு போய்விடும். அதற்கு ஈடாகக் கடல்தண்ணீரைக் காய்ச்சி வடித்து நல்ல தண்ணீர் சேர்க்க வேண்டும். ஆக ஒவ்வொரு விமானம் கிளம்பும்போதும் எங்கள் குளியல் தண்ணீர் கொஞ்சம் மேலே பறந்துவிடும். "டேய், என் குளியல் காக்ஸ் பஜார் போகுதுடா" என்று கத்துவான் எங்கள் பஞ்சாப் நண்பன், ஹிந்தியில். காக்ஸ் பஜார் கிழக்கு பாகிஸ்தானில் நம் விமானங்கள் தாக்கிய ஊர். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, தேய்க்கத் தேய்க்கப் பிசுபிசுப்புதான் மிஞ்சும். நவம்பர் டிசம்பரில் என் சட்டை கழற்றினால் தானே நிற்கும்.

டிசம்பர் 4 காலையில் எட்டு 'தொம்' எண்ணினேன். எட்டு சீ ஹாக், காக்ஸ் பஜாருக்கு. அப்புறம் ஒன்றும் இல்லை. கீழே யாரும் பேசவில்லை. சீஃப் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, தேவையே இல்லாத ஒரு பம்பின் மேல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து மேலே சத்தம். இறங்குகிற சத்தம் வேறு மாதிரி, தரையில் மோதுகிற இடி, கூடவே கம்பி இழுபடுகிற கிறீச். ஒன்று. இரண்டு. ஏழு வரை வந்துவிட்டது. எட்டாவது வரத் தாமதமானது. ஒரு நிமிஷம் இருக்குமோ, இரண்டு நிமிஷமோ, வாட்ச் கட்டியிருந்தும் பார்க்கத் தோன்றவில்லை. வந்தது. சீஃப் ஸ்க்ரூடிரைவரை இடுப்பில் செருகிக்கொண்டு, "எவன்டா மூணாம் பர்னரைக் கவனிக்காம நிக்கிறது" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் பார்த்த போர் இதுதான். அன்று மத்தியானம் சிட்டகாங்குக்குப் போனார்கள், மறுபடி எண்ணினோம்.

காஸி கதை உனக்குத் தெரியும். எங்களைத் தேடி வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி, 3-ஆம் தேதி இரவுக்கும் 4-ஆம் தேதி விடியலுக்கும் நடுவே விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. நாங்கள் அப்போது அந்தமான் பக்கத்திலிருந்து வடக்கே போய்விட்டோம். ராஜ்புத் கப்பல்தான் விசாகப்பட்டினத்தில் விக்ராந்த் மாதிரி வேஷம் கட்டிச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. விக்ராந்த் அங்கேதான் இருக்கிறது என்று எதிரி நம்புவதற்காக, ஒரு மாலுமியின் அம்மாவுக்கு உடம்பு ரொம்ப மோசம், எப்படி இருக்கிறார் என்று விசாரித்து ரகசியக் குறியீடு இல்லாமல் ஒரு தந்தி போனது. பிற்பாடு இது வெளியே தெரிந்ததும், அந்த மாலுமி நான்தான் என்று எங்கள் மெஸ்ஸில் ஆளாளுக்குப் பீற்றிக்கொண்டார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், உன் தாத்தாவிடம். பாட்டி என்னை அடிக்க வந்தாள். திடமாக நடமாடிக்கொண்டிருந்தவளை நான் நோயாளியாக்கிவிட்டேனாம்.

காஸி மூழ்கிய செய்தி வந்தபோது கப்பலே கத்தியது. நானும் கத்தினேன். அன்றிரவு 12 முதல் 4 வரை எனக்கு வாட்ச், அதாவது வேலை முறை. நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கையில் திடீரென்று தோன்றியது, அந்தக் கப்பலிலும் ஓர் இயந்திர அறை இருந்திருக்கும், அங்கேயும் ஒருவன் வானத்தைப் பார்க்காமல் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான் என்று. 90 பேருக்கு மேல் போனார்கள். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வயதில் இதையெல்லாம் சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

இப்போதெல்லாம் டிசம்பர் 4 கடற்படை தினத்தன்று போன் வரும். முன்பு பத்துப் பதினைந்து பேர் கூப்பிடுவார்கள், போன வருஷம் மூன்று பேர். சண்டையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குளியல் தண்ணீர், யாரோ யாருடைய சோப்பைத் திருடியது, சீஃப் திட்டியது, இதுதான் பேச்சு. உன் அம்மா கேட்டுவிட்டு "இதுக்கா ஒரு மணி நேரம்?" என்பாள். கப்பலில் இருந்ததெல்லாம் சந்தோஷம் என்று நினைத்துவிடாதே. உன் அக்கா பிறந்தபோது நான் பக்கத்தில் இல்லை, ஆறு மாதம் கழித்துத்தான் பார்த்தேன், என்னைக் கண்டதும் வீறிட்டு அழுதாள். அதை நாங்கள் போனில் பேசுவதில்லை. சோப்பைப் பற்றித்தான் பேசுவோம்.

1997 ஜனவரி 31-ல் கப்பலுக்கு ஓய்வு கொடுத்தார்கள். மும்பையில் அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள், 2012-க்கு மேல் அதுவும் இல்லை. 60 கோடி ரூபாய்க்கு விற்று, 2014 நவம்பரில் தாருகானாவில் உடைக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பஞ்சாப் நண்பன் மும்பையில்தான் இருந்தான், "வா, ஒருதடவை பார்த்துவிட்டு வரலாம்" என்று கூப்பிட்டான். நான் போகவில்லை. அவன் போனான். போய்வந்து போனில் ஒன்றே ஒன்று சொன்னான்: "பக்கவாட்டுத் தகடை வெட்டி எடுத்துவிட்டார்கள். நம்ம இடத்துக்குள் வெயில் அடிக்குதுடா." அவனும் இப்போது இல்லை.

2022-ல் கொச்சியில் புது விக்ராந்த் கடற்படையில் சேர்ந்த அன்று நீ வீடியோ அனுப்பினாய். எங்கள் கப்பலைவிட ரொம்பப் பெரியது, 262 மீட்டர். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அதில் கொதிகலன் கிடையாது, கேஸ் டர்பைன். விமானம் நீராவியில் கிளம்பாது, முன்பக்கம் சாய்வாக மேலேறும் தளத்தில் ஓடிப் பறந்துவிடும். ஆக 'தொம்' இல்லை. அந்தப் பையன்கள் எதை எண்ணுவார்களோ. நன்றாகக் குளிப்பார்கள், அது நல்லதுதான்.

பைக் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கோயிலுக்குப் போனதும் வண்டியை ஸ்டார்ட் செய்வேன். நடு ஸ்டாண்டில்தான், பயப்படாதே. பத்து நிமிஷம் ஓடவிடுவேன். உன் டூல் பாக்ஸில் இருந்த நீள ஸ்க்ரூடிரைவரை எஞ்சின் மேல் வைத்துக் கேட்பேன். டாப்பெட் சத்தம் லேசாக ஆரம்பித்திருக்கிறது. மெக்கானிக் பையன் ஒன்றும் இல்லை தாத்தா என்கிறான். எனக்குக் கேட்கிறது. டேங்கில் அந்தக் கப்பலின் எந்த மூலை இருக்கிறதோ தெரியாது. மேல்தளத்துத் தகடாகக்கூட இருக்கலாம். நான் கொதிகலன் அறை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பேட்டரி இறங்கிவிட்டது, இந்த வாரம் புதிது போட்டுவிடுவேன். காசு அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. இன்ஷூரன்ஸ் மாதக்கடைசியில் முடிகிறது, வண்டி உன் பெயரில் இருப்பதால் நீதான் கட்ட வேண்டும், அதை மட்டும் மறக்காமல் செய். ஆர்.சி.யை எங்கே வைத்துவிட்டுப் போனாய்? உன் பீரோவில் இரண்டு தட்டும் தேடிவிட்டேன், இல்லை. அம்மாவிடம் கேட்காதே, எதற்கு என்று கேட்பாள். எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா