மண்டையோட்டைக் கடக்கும் ஒலி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கைநடுக்கத்துக்கான மீயொலி (அல்ட்ராசவுண்ட்) சிகிச்சை பற்றிய தங்கள் கட்டுரை, ‘கத்தியின்றி’ என்ற வியப்போடு நின்றுவிட்டது. உண்மையான சவால் மண்டையோடுதான். ஆளுக்கு ஆள் தடிமனும் அடர்த்தியும் மாறுபடும் அந்த எலும்பு, அலைகளை உறிஞ்சிச் சூடாவதோடு அவற்றைச் சிதறடிக்கவும் செய்கிறது. அதனால் சிடி ஸ்கேன் மூலம் எலும்பை முன்கூட்டியே அளந்து, தலைக்கவசம் போன்ற கருவியிலுள்ள 1,024 ஒலிமுனைகளின் அலைக்கட்டத்தை (அலை ஏறி இறங்கும் நேரத்தை) தனித்தனியே திருத்தி, மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸ் என்ற பகுதியின் ஒரு சிறு புள்ளியில் அலைகளைக் குவியச் செய்து, அந்தப் புள்ளியை வெப்பத்தால் செயலிழக்க வைக்கிறார்கள். அங்கே ஏறும் வெப்பத்தை எம்ஆர்ஐ உடனுக்குடன் காட்டுகிறது. பொதுவாகத் தலைமுடியை முழுவதும் மழிக்க வேண்டியிருக்கும் என்பதையாவது குறிப்பிட்டிருக்கலாம். 2016-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த சிகிச்சை இது என்றாலும், எலும்பின் தன்மை ஒத்துவராதவர்களுக்கு இது பயன்படாமல் போகலாம். சிலருக்கு மரத்துப்போதலும் நடைத் தள்ளாட்டமும் நீடிப்பதுண்டு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்