பெரிய ஓடாவியின் திடல்

மே 6, 2025

அன்புள்ள நெட்டைக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே என்று நம்புகிறேன். பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு அக்னி நட்சத்திரத்தில் பதில் எழுதுகிறேன் என்று நீ வைவதற்கு முன்பே என்னை நானே வைதுகொண்டுவிட்டதால், அந்தக் கணக்கை முடித்துவிடு. புதிய பாம்பன் பாலத்தின் படங்களைப் பேரன் அனுப்புவான். எனக்கு இப்போது வேறொரு செய்தியைச் சொல்லியாக வேண்டும்.

மே 1ஆம் தேதி கிராம சபைக் கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். சிரிக்காதே. வரவேற்புரையை மறந்து மேடையிலிருந்து குதித்து ஓடியவன்தான். ஆனால் அன்று ஓட முடியவில்லை. படிக்கப்பட்ட பொருள்களில் ஒன்று, நம் பெரிய ஓடாவி அவருடைய பாட்டன் காலத்திலிருந்து படகு கட்டிவரும் கடற்கரைத் திடலைச் சமன்செய்து பூங்கா அமைப்பது பற்றியது. அதன் நடுவில் பழைய மரப்படகான வத்தை ஒன்றுக்கு வண்ணம் பூசி, மேலே கூரை போட்டு, 'நமது பாரம்பரியம்' என்று பலகை வைப்பார்களாம். வத்தையைப் போற்றுவதற்காக வத்தை கட்டுகிறவரை அப்புறப்படுத்தும் இந்த யோசனையைக் கேட்டுக் கூட்டத்தில் சிலர் கைதட்டவும் செய்தார்கள். கையில் குங்கிலியப் பிசுக்கோடு பாதி வேலையில் எழுந்து வந்திருந்த ஓடாவி மெதுவாகச் சொன்னார்: "படகுக்குக் கூரை போடுறாங்களாம். எனக்கு அறுபது வருசமா வெயில்தான்."

அந்தத் தேதியைக் கவனித்தாயா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தின் நடுவில் அந்தக் கூட்டம் நடந்தது. மீனவர்கள் கரையில் இருப்பதால் வருமானம் இல்லை. அவர்களுடைய குடும்பங்களுக்கு அரசு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. ஆனால் ஓடாவிக்கு ஆண்டின் அறுவடையே அந்த 61 நாள்தான். படகைக் கரையேற்றி, உளுத்த பலகையைப் பெயர்த்து, விட்டுப்போன வங்கை, அதாவது படகின் விலாக்கட்டையை மாற்றி, பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்துப் பார்த்து, மீண்டும் கடலுக்குத் தள்ளியாக வேண்டும். மற்றவர்களின் பஞ்சகாலம் அவருக்குச் சுகாலம். அவருடைய பஞ்சகாலமாகிய மீதிப் பத்து மாதங்களை எந்தத் திட்டமும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. நீ முப்பது ஆண்டுகள் வருவாய்த் துறையில் இருந்தவன், அப்படிச் சொன்னால் சண்டைக்கு வருவாய். 2017இல் பாக் நீரிணையின் இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் மீன்பிடிப் படகுத் திட்டம் வந்தபோது, படகு ஒன்றின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். அதில் ஒன்றிய அரசின் மானியம் 50 சதவீதம், மாநில அரசின் மானியம் 20 சதவீதம். தாராளமான கைதான். ஆனால் படகுகளைக் கட்டும் வேலை கொச்சிக் கப்பல் கட்டும் தளத்துக்குப் போனது. சூரை மீன் பிடிக்கும் அத்தகைய படகை நம் ஓடாவியால் கட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். அந்தப் பணத்தின் ஓர் ஓரத்தைக் கிள்ளி, நம் கரையில் ஒரு சறுக்குத்தளமும், மரம் அறுக்க ஒரு கொட்டகையும், தண்ணீரும் மின்சாரமும் கொடுத்திருந்தால், நூற்றுக்கணக்கான பழைய படகுகளின் பழுது வேலையாவது இங்கேயே தங்கியிருக்கும் என்பதுதான் என் ஆற்றாமை.

இப்போது கலைஞர் கைவினைத் திட்டம் வந்திருக்கிறது. அதன் 25 தொழில்களில் படகு தயாரித்தலும் ஒன்று என்று படித்ததும் கடிதத்தை அன்றே எழுதியிருப்பேன், அவ்வளவு மகிழ்ச்சி. மூன்று லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். ஆனால் 35 வயது நிறைந்திருக்க வேண்டும். ஓடாவிக்கு எழுபது ஆகப்போகிறது, கடன் வாங்க மனமில்லை. மகனுக்கு முப்பத்திரண்டு, கடன் வாங்க வயதில்லை. வயதை விடு, மூன்று லட்சத்துக்கு உளியும் இழைப்பானும் வாங்கி அவர் எங்கே உட்கார்ந்து வேலை செய்வார்? படகின் அடிமரமான ஏராவை வைக்க நிலம் வேண்டும். பலகைக்குக் கேரளத்து அயினி மரம் வேண்டும். மரத்தின் இயல்பான வளைவைப் பார்த்து வங்குக்குத் தேர்ந்தெடுக்கும் நாட்டுக் கருவேல் வேண்டும். மாவட்டம் முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்க, நாட்டுக் கருவேலை நம்மவர்கள் தேடி அலைகிறார்கள்.

இனி நீ என்னைக் குத்திக்காட்டப் போகும் செய்தியையும் நானே சொல்லிவிடுகிறேன். தம்பி மகன் சென்ற ஆண்டு வாங்கியது ஃபைபர் வள்ளம். ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நான். எடை குறைவு, ஆண்டுதோறும் கலப்பத்துச் செலவு கிடையாது, வாங்கிய மறுநாளே கடலுக்குப் போகலாம். சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகளோடு நம் கடற்கரையின் கணக்கே மாறிவிட்டது. கடனில் இருப்பவனிடம் போய் மரப்படகின் பெருமையைப் பேச எனக்கு வாய் வரவில்லை. எல்லோரும் மரப்படகுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் படகுகளைப் பழுதுபார்க்கவும், அந்தக் கையிடமிருந்து இரண்டு இளைஞர்கள் கற்றுக்கொள்ளவும் ஓர் இடம் இருக்கட்டும் என்கிறேன்.

கூட்டத்தில் இதைச் சொன்னபோது, கடற்கரை ஒழுங்குமுறை விதிகளின்படி அங்கே படகுத் தளம் அமைக்க முடியாது என்று ஓர் அலுவலர் ஒரே வரியில் முடித்துவிட்டார். இரண்டு நாள் உட்கார்ந்து 2011ஆம் ஆண்டின் அறிவிக்கையைப் படித்தேன். மீன் உலர்தளம், ஏலக்கூடம், வலை பழுதுபார்க்கும் இடம் ஆகியவற்றோடு, மரபுவழிப் படகு கட்டும் தளமும் உள்ளூர் மீனவச் சமூகத்துக்குத் தேவையான வசதியாக அதிலேயே பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது! பூங்காவுக்கு எந்த விதியைக் காட்டுவார்கள் என்று அவரிடம் கேட்க நாக்குத் துடிக்கிறது.

தலைவர்களின் பதவிக்காலம் ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் ஊராட்சியில் இப்போது தனி அலுவலர்தான். வாக்குக் கேட்டு வர யாரும் இல்லாத காலத்தில் எழுபது வயதுக்காரரின் திடல் யாருக்கும் அவசரமில்லை. பூங்காத் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அடுத்தது ஆகஸ்ட் 15. ஆகவே உன்னிடம் ஒரு வேலை. அந்தத் திடல் அரசுப் புறம்போக்கு. ஊராட்சி நினைத்தாலும் தானாகக் கொடுக்க முடியாது என்று நினைக்கிறேன். மாவட்ட ஆட்சியருக்கு எப்படி எழுத வேண்டும், மீன்வளத் துறையின் பரிந்துரையை முதலில் வாங்க வேண்டுமா, பயன்பாட்டு உரிமையை ஓடாவியின் பெயரில் கேட்பதா, சங்கத்தின் பெயரில் கேட்பதா என்பதை உன் பழைய கோப்பு மொழியில் எழுதி அனுப்பு. புல எண்ணை இத்துடன் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

முடிந்தால் ஜூன் 14க்கு முன் நேரில் வா. உன் அத்தானின் பழைய விசைப்படகு இப்போது அந்தத் திடலில்தான் ஏறி நிற்கிறது. முன்புறம், அணியத்துப் பக்கம் நான்கு பலகை மாற்ற வேண்டுமாம். கூலியைப் பற்றி அத்தான் இன்னும் வாயே திறக்கவில்லை. அவரைப் பேசவைக்க உன்னால்தான் முடியும்.

அன்புடன்,
குட்டை

பி.கு.: கடலில் இறக்கும் நாளில் வந்து தள்ளுவதாக நீ சொன்ன அந்த வள்ளத்தை ஓடாவி இன்னும் மறக்கவில்லை. 'நெட்டை கை கொடுக்காமல் ஓடினான்' என்று இன்றும் சொன்னார்.